தீ வரைபடம் திறக்காத மதியம்

வேலி போடும் வேலையிலேயே ஐம்பது வயதைக் கடந்த கிளென், பழைய கணினியைத் தூக்கியெறிய மனமின்றிக் காலையில் அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினார். ஏறியது, வைஃபை மட்டும் வரவில்லை. அதற்கான மென்பொருளையும் இணையத்தில்தான் எடுக்க வேண்டுமாம். அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. மதியம் புகை வாசனை வந்தது.

“காட்டுத்தீ எங்க இருக்குன்னு பாருய்யா!” என்றாள் மனைவி பெவ்.

“நெட் இல்லாம தீ வரைபடம் திறக்கல.”

“நல்லா ஓடின பொட்டிய இன்னிக்குத்தான் நோண்டணுமா?”

கிளென் கொட்டகைக்கு ஓடி, வேலிக் கம்பிகளுக்கடியில் கிடந்த பழைய கேபிளைத் தேடியெடுத்து, வீட்டுக்குள் வந்து கணினியை இணைய மோடத்தோடு இணைத்தார். வரைபடம் மெல்லத் திறந்தது. அவர்கள் எப்போதும் போகும் தெற்குச் சாலை முழுக்கச் சிவப்பு.

“வடக்கால போயிடலாம். நாயை ஏத்து, பெவ்.”