ரெபேக்காள் ஊற்றிய தண்ணீர்

நாத்தனார் சொல்லும் கதையை யாரும் முழுசாக நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நம்ப வேண்டாம். ரெபேக்காள் என் அண்ணன் ஏசுபாதத்தின் மனைவி. நான் அவர்களுக்கு அடுத்த வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் அடுப்புப் புகை என் வீட்டுக்கும், என் வீட்டுச் சண்டை அவள் வீட்டுக்கும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட யோக்கியதை உள்ளவர்கள் இருந்தால் வந்து சொல்லட்டும்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் எங்கள் காலனி இருந்தது. முப்பது குடிசை, ஓலை வேய்ந்த ஒரு கோயில். செங்கல்பட்டிலிருந்து சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் கோயில் என் அண்ணன் பொறுப்பு. அவன்தான் உபதேசியார். ஜெபம் சொல்வது, கல்யாண ஓலை வாசிப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் அவன். அண்ணன் பொறுப்பு என்று நான் சொல்வது மரியாதைக்கு. மணி அடிப்பதிலிருந்து பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித்தருவது வரை அண்ணியின் ராஜ்யம்தான். அருள் நிறைந்த மந்திரத்தில் ஒரு சொல்லை விழுங்கினால்கூட முழங்காலில் நிற்கவேண்டும். அவள் கையில் புளிய மிளாறு இருக்கும். அடித்ததில்லை, ஆனால் இருக்கும்.

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. வேளாங்கண்ணிக்கு இரண்டு தடவை போனாள், திருக்கழுக்குன்றத்து வைத்தியரிடம் சூரணம் வாங்கித் தின்றாள், பிறகு விட்டுவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்கு ஞானத்தாயாக நிற்க அண்ணியைக் கேட்டார்கள். ஞானஸ்நானத்தன்று குழந்தையை வீட்டிலிருந்து கோயில்வரை தூக்கிப்போவதும், சாமியார் தண்ணீர் ஊற்றும்போது கையில் ஏந்தி நிற்பதும் ஞானத்தாயின் உரிமை. அன்று ஏந்தியவள் பிறகு ஏந்திக்கொண்டே இருந்தாள். காலனியில் பாதிப் பெண்பிள்ளைகளுக்கு அவள்தான் ஞானத்தாய். கிழிந்துபோன பீடத் துணி ஒன்றைச் சாமியாரிடம் கேட்டு வாங்கி வெள்ளை அங்கி தைத்து வைத்திருந்தாள். எந்தக் குழந்தையானாலும் அந்த அங்கிதான். முடிந்ததும் துவைத்து, நீலம் போட்டு, தகரப் பெட்டியில் வேப்பிலைக்கு நடுவே வைத்துவிடுவாள்.

என் மூத்தவளுக்கும் அவள்தான் ஞானத்தாய். பெயரும் நீயே வை அண்ணி என்றேன். நாத்தனார் என்ற பாசம் இருக்கும், நல்ல பெயராக வைப்பாள் என்று நினைத்தேன். அவள் காலண்டரைப் பார்த்தாள். அன்று எந்தப் புனிதையின் திருநாளோ அந்தப் பெயரை வைத்துவிட்டாள். பெர்பேத்தம்மாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் மகளைப் ‘பேபே’ என்று கூப்பிட்டார்கள். இதை நான் மறக்கவில்லை.

எழுபத்து நான்காம் வருஷம் மே மாதம் மெட்ராஸிலிருந்து கத்தோலிக்கக் காலேஜ் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். லீவுக்கு நாற்பது நாள் ஊருக்கு உழைப்பதாகச் சாமியாரிடம் எழுதிக் கொடுத்திருந்தார்களாம். கிணறு வெட்டுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, அம்மை ஊசிக்கு ஆள் கூட்டுவது. பையன்கள் கோயிலில் படுத்தார்கள். பெண்கள் நான்கு பேர் அண்ணி வீட்டில். முதல் வாரம் அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுப் பாய், என் வீட்டுக் குண்டான், என் வீட்டு அரிவாள்மணை எல்லாம் வேலியைத் தாண்டிப் போயின.

அந்த நான்கு பேரில் ஒருத்தி ஐரின். பத்தொன்பது வயது, மூக்குக்கண்ணாடி. மண் சுமந்து கை கொப்பளித்தாலும் சிரித்துக்கொண்டே இருப்பாள். அண்ணி ஒரு வருஷம் மிளாறோடு சொல்லித்தந்த விசுவாசப் பிரமாணத்தை அவள் கைதட்டிப் பாட்டாகப் பாடி மூன்றே நாளில் பிள்ளைகள் வாயில் ஏற்றிவிட்டாள். பெண்பிள்ளைகள் எல்லாரும் அவள் மாதிரி பக்கவாட்டில் வகிடு எடுக்க ஆரம்பித்தார்கள். என் பெர்பேத்து என்னிடமே வந்து, நீ சும்மா இரும்மா, ஐரின் அக்கா அப்படிச் சொல்லல என்றாள். பெற்ற எனக்கே வயிறு எரிந்தது என்றால் அண்ணிக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒருநாள் விடிந்ததும் அண்ணி துடைப்பத்தோடு கோயிலுக்குப் போனாள். ஐரின் அதற்கு முன்னாலேயே உள்ளே, வெளியே எல்லாம் பெருக்கி, தண்ணீர் தெளித்துவிட்டுக் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு ஒரு வேலை குறையட்டும் என்றுதான் ஆன்ட்டி, என்றாளாம். நல்ல மனசோடுதான் சொன்னாள், அதில் சந்தேகமில்லை. அண்ணி பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கொஞ்சம் பாவமாக இருந்தது, கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது.

எதிர்வீட்டுப் பெண் குழந்தை என்று சொன்னேனே, அவள்தான் பாப்பா. அண்ணி ஏந்திய முதல் பிள்ளை. கோயிலில் அவளுக்கு வேறு பெயர். எங்கள் காலனியில் எல்லாருக்கும் இரண்டு பெயர் உண்டு, கோயிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இஷ்டப்பட்டதைச் சொல்லிக் கூப்பிடலாம். அந்தப் பாப்பாவுக்குக் கல்யாணமாகி, அந்த மே மாதம் தலைப்பிரசவம். வலி எடுத்த அன்று ஐரின்தான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தாள். பெண் குழந்தை. தங்கமாக இருந்தது.

அண்ணி அன்றே தகரப் பெட்டியைத் திறந்து அங்கியை எடுத்து வெயிலில் போட்டாள். தான் ஏந்திய பிள்ளையின் பிள்ளையை ஏந்தப்போகிற சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது. நான்கு நாள் கழித்துப் பாப்பாவின் புருஷன் கருப்பன் வந்து, குழந்தைக்கு ஐரின் அக்காதான் ஞானத்தாயாக நிற்கவேண்டும் என்று பாப்பா ஆசைப்படுகிறாள், ஐரின் என்றே பெயர் வைக்கப்போகிறோம் என்று சொன்னான். அண்ணி நல்லது என்றாள். கொடியிலிருந்து அங்கியை எடுத்து மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை என்று உதறி மறுபடி மடித்தாள்.

ஐரின் மெட்ராஸுக்குச் சொல்லி அனுப்பிக் கவுன் வரவழைத்தாள். லேஸ் வைத்து, சாட்டின் ரிப்பன் கட்டி, அட்டைப் பெட்டியில் வந்தது. அதை முதலில் அண்ணியிடம்தான் காட்டி, நல்லா இருக்கா ஆன்ட்டி என்று கேட்டது அந்தப் பெண். அண்ணி தொட்டுப் பார்த்து, இருக்கு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதற்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம் பாப்பா குளிக்கப் போயிருந்தாள். கொஞ்சம் உப்பு வாங்கலாம் என்று நான் அவள் வீட்டுக்குப் போனேன். ஏணையிலிருந்த குழந்தையை அண்ணி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, செம்பிலிருந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். லூர்துமேரி என்று பெயர் சொல்லி, பிதா சுதன் என்று வார்த்தைகளையும் சொல்லி முடித்தாள். சாகக் கிடக்கிற குழந்தைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால் யார் வேண்டுமானாலும் அப்படி ஊற்றலாம். எங்களுக்கு அது சிறு வயதிலேயே சொல்லித்தந்த பாடம். ஒரு தடவை ஊற்றினால் ஊற்றினதுதான், சாமியாரே வந்தாலும் இரண்டாம் தடவை ஊற்ற முடியாது.

ஆனால் அந்தக் குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

“அண்ணி, இன்னா பண்ற?” என்றேன்.

“கண்ணு சொருகிச்சி,” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அப்போதே நாலு பேரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அண்ணன் மானம் போகும் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். மெட்ராஸ்காரி முகம் எப்படிப் போகிறது பார்க்கலாம் என்றும் இருந்தது. அது இன்னொரு காரணம்.

ஞாயிறு காலை கோயில் நிறைய ஜனம். ஐரின் புடவை கட்டியிருந்தாள். கவுன் போட்ட குழந்தையை ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். சாமியார் குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டார். அண்ணி முன்னால் வந்து, குழந்தைக்கு ஏற்கெனவே தண்ணீர் ஊற்றியாகிவிட்டது சாமி, லூர்துமேரி என்று பெயர், வியாழக்கிழமை சாகக் கிடந்தது, கண் சொருகிவிட்டது என்றாள். சாமியார் யார் பார்த்தது என்று கேட்டார். மேரி பார்த்தாள் என்று என்னைக் காட்டினாள். தண்ணீர் தலையில் பட்டதா, வார்த்தைகளைச் சரியாகச் சொன்னாளா என்று என்னைக் கேட்டார். பட்டது, சொன்னாள் என்றேன். கண் சொருகியதா என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல நான் என்ன உபதேசியாரா?

அண்ணி அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். ஊற்றினவளே ஞானத்தாய் என்பது அவள் கணக்கு. குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். சாமியார் தடுத்துவிட்டார். தண்ணீர் மட்டும்தான் முடிந்திருக்கிறது, எண்ணெய் பூசுவதும் வெள்ளை உடையும் மெழுகுவர்த்தியும் பாக்கி, ஊற்றினவள் சாமியார் இடத்தில் நின்றவள், ஞானத்தாய் வேறு, அது பெற்றவள் கேட்ட ஆள்தான் என்றார். ஐரின் நின்றாள். ஐரின் கையில்தான் மெழுகுவர்த்தி எரிந்தது. அண்ணி நீட்டின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஆசைப்பட்டு மோசம் போனது போல ஆனது அவள் கதை.

அதைவிடப் பெரிய அடி பூசை முடிந்து வாசலில் விழுந்தது. பாப்பா ஓடிவந்து அண்ணி காலில் விழுந்தாள்.

“நீ இல்லேன்னா எங்கொயந்த மோச்சம் இல்லாம பூட்டிருக்கும், ஞானத்தாயி,” என்று அழுதாள்.

அண்ணி அவளைத் தூக்கவில்லை. ஜனம் எல்லாம் அண்ணியைப் பெருமையாகப் பார்த்தது. அவள் ஆசைப்பட்ட பார்வைதான். அதை வாங்கிக்கொள்ள அவளுக்கு முகம் இல்லை.

அதற்குப் பிறகு பாப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தூங்கினால் கண் சொருகிவிடும் என்று குழந்தையைத் தூங்கவே விடவில்லை. அசந்தால் எழுப்புவாள். எழாவிட்டால் கிள்ளுவாள். அவளும் சாப்பிடவில்லை, பால் வற்றிப்போனது. நாளுக்கு இரண்டு தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணியிடம் வந்து, கண்ணைப் பாரு ஞானத்தாயி, இன்னிக்கி எப்படிக் கீது என்று கேட்பாள். அண்ணி பார்ப்பாள். நல்லாத்தான் கீது என்பாள். பாப்பா நம்பமாட்டாள். கண் சொருகியதைப் பார்த்தேன் என்று அவளே சொன்ன பிறகு எப்படி நம்புவாள்?

பத்தாம் நாள் காலை பாப்பாவும் ஐரினும் குழந்தையைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பஸ்ஸுக்கு நின்றார்கள். அண்ணியும் நானும் வழியனுப்பப் போனோம். குழந்தையின் ஈரத்துணியை மாற்றித் தருகிறேன் என்று அண்ணி வாங்கினாள். துணியை அவிழ்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு தொடையிலும் கிள்ளின தடம், நீலமும் சிவப்புமாக. பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்தது. அண்ணி சொல்லாமல் இருந்திருந்தால் உண்மை வெளியே வராமலே போயிருக்கும். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

“பாப்பா, பஸ் ஏறாத,” என்றாள் அண்ணி. “கொயந்தைக்கு ஒண்ணுமே இல்ல. அன்னிக்கி அது சிரிச்சிகினு இருந்துச்சி. நான்தான் வயிறெரிஞ்சி ஊத்தினேன்.”

ஐரின் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுகிறீர்களா இல்லையா என்று கத்திவிட்டு விசில் ஊதினார். பஸ் போயிற்று.

“பத்து நாளா எம்புள்ளைய நானே கிள்ளிகினு இருந்தனே,” என்றாள் பாப்பா. பிறகு, “லூர்துமேரி யாரு பேரு?” என்று கேட்டாள்.

“எனக்குப் பொறந்தா வெக்கலாம்னு வெச்சிகினு இருந்த பேரு.”

பாப்பா குழந்தையை வாங்கிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரக் கடைசியில் மெட்ராஸ் பிள்ளைகள் கிளம்பிப் போனார்கள். கிணறு தண்ணீர் காட்டியது, அதைச் சொல்லவேண்டும். ஐரின் போகும்போது அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு கார்டு போட்டாள், அவ்வளவுதான். பாப்பா ஒரு வருஷத்துக்கு மேல் அண்ணியோடு பேசவில்லை. காலனியில் புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு வேறு யாரையாவது ஞானத்தாயாகக் கேட்டார்கள். தகரப் பெட்டி திறக்கவே இல்லை.

ஆனால் ஒன்று. இரண்டு பெயர் வைத்துக்கொள்ளும் ஊரில், பாப்பா அந்தக் குழந்தைக்கு வீட்டில் ஐரின் என்று வைத்திருக்கலாம். யார் தடுக்கப்போகிறார்கள்? அவள் வைக்கவில்லை. குழந்தை நடக்க ஆரம்பித்ததும், பொழுது சாய்ந்தால் எதிர்வாசலில் நின்று “லூர்துமேரி, லூர்துமேரி” என்று தெருவே கேட்கக் கூப்பிடுவாள். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தாலும் கையை நிறுத்திக் கேட்பாள். அழைப்பு நின்ற பிறகுதான் கழுநீரை வடிப்பாள்.

எனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. இவ்வளவு நல்ல பெயரை வைத்துக்கொண்டு என் மகளுக்கு ஏன் கொடுக்கவில்லை, உன் புருஷன் ரத்தம்தானே அவள் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“நீ பக்கத்து வூடு மேரி,” என்றாள். “நாள் பூரா கூப்ட்டுகினே இருப்ப. அத இன்னொருத்தி கூப்புடறத நான் எப்டி கேட்டுகினு இருக்கறது?”

அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் லூர்துமேரியைக் கூப்பிட்டார்கள். அண்ணி கையை நிறுத்தினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, பாப்பாவைவிடச் சத்தமாக, “பெர்பேத்தம்மா” என்று என் மகளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அண்ணி திரும்பவில்லை.