சாமைப் பானைக்குள் செல்போன்

சின்னுசாமி போன் பேசினால் எங்கள் ஊருக்கே கேட்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்மலையைப் பார்த்துக் கத்துவார். "இந்தச் சத்தத்துக்குப் போன் எதுக்குங்க, சும்மாவே கேட்டுருமே" என்று பக்கத்துக் காட்டிலிருந்து நான் கேலி செய்வேன். அவர் கண்டுகொள்ளவே மாட்டார். அந்தப் பக்கம் பேசுவது அவருடைய அக்கா அத்தாயி.

அத்தாயியை ஓடைக்கு அப்பால், திண்ணனூர் நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் ஆலத்தூர் நாடு. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நடந்து போனால் இறங்கி ஏறுவதற்குள் பாதி நாள் போய்விடும். குரல் மட்டும் ஒரே மூச்சில் போய்ச் சேரும். சாமை முற்றும் காலத்தில் அக்காவும் தம்பியும் அவரவர் பாறையில் நின்று காவல் காப்பார்கள். கிளிக்கூட்டம் ஒரு காட்டிலிருந்து கிளம்பினால், அங்கே நிற்பவர் எதிர்க்காட்டுக்குக் குரல் கொடுக்க வேண்டும். "தம்பீ, கிளி வருது" என்று அவள் கூவுவாள். "இதா ஓட்டறனுங்க்கா" என்று பதிலுக்குக் கூவிவிட்டுத்தான் இவர் தகரத்தைத் தட்டுவார். அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு நான் மாடு மேய்த்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு போன் வந்தது. வேடிக்கை என்னவென்றால், சிக்னல் கிடைத்ததும் அதே பாறையில்தான். பொழுது சாய்ந்தால் சின்னுசாமி அங்கே ஏறி உட்கார்ந்துவிடுவார். பேச்செல்லாம் பழசுதான். எந்தப் பலா தேனாக இனித்தது, அப்பன் சந்தையில் வாங்கி வந்த எருதுக்கு என்ன பெயர் வைத்தார்கள், இப்படி ஏதாவது. ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார்.

மனைவி இறந்த பிறகு அவருக்கு மறதி வந்தது. காயப்போட்ட மிளகை மழையில் விட்டார். மருமகள் கவிதாவைச் செத்துப்போன மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கவிதா நல்ல பெண், ஆனால் பயந்த சுபாவம். செல்போன் கதிர்வீச்சு வயதானவர்களின் மூளையை அரித்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டாள். அதையும் செல்போனில்தான் பார்த்தாள் என்று நான் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"ஏனுங்க மாமா, கொஞ்ச நாளைக்கு இது வேண்டாமுங்க" என்று போனை வாங்கி, அணைத்து, சாமைப் பானைக்குள் புதைத்துவிட்டாள். தண்ணீரில் விழுந்த போனைச் சாமைக்குள் வைத்து ஈரம் எடுத்தவள் அவள். ஈரத்தை இழுக்கிற சாமை கதிர்வீச்சை இழுக்காதா என்பது அவள் எண்ணம்.

சின்னுசாமி தேறவில்லை. பாறைக்குப் போவார், வெறுங்கையைப் பார்ப்பார், இறங்கிவிடுவார். பிறகு போவதையும் விட்டுவிட்டார். அந்தப் பக்கம் அத்தாயி, தனக்குத் தெரிந்த அந்த ஒரே நம்பருக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள். முட்டிவலியோடு அவளால் இங்கே வந்து சேரவும் முடியாது. ஒருநாள் சின்னுசாமி தன் மகன் சதீஷ்குமாரையே "நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டார். மகனுக்கு மனசு விட்டுப்போனது. மலையிறங்கி நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். துணைக்கு நானும் போயிருந்தேன்.

கவிதா சொன்னதை டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டார். "போன் கதிர்வீச்சால மறதி வரும்னு இதுவரைக்கும் யாரும் உறுதியாக் காட்டலைம்மா. ஆராய்ச்சி நடந்துட்டுதான் இருக்கு. இவருக்கு வந்திருக்கிறது வயசுல வர்ற மறதி நோய். முழுசா நிறுத்த முடியாது. ஆனா காது மந்தமா இருந்தாலும், பேச ஆள் இல்லாம உக்காந்திருந்தாலும் அது இன்னும் மோசமாகலாம். இவர் யார்கூட நல்லாப் பேசுவார்?"

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் போன் பானையிலிருந்து வெளியே வந்தது. பட்டன் இடுக்குகளில் இருந்த சாமையை ஊதிவிட்டு, சார்ஜ் ஏற்றி, அவரைப் பாறைக்குக் கூட்டிப்போனோம். சதீஷ்குமார் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"சாமி, நான் அத்தாயி பேசறேன்."

"யாருங்க அது?"

"உன்ற அக்காடா."

அவர் போனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "தெரியலீங்களே" என்றார்.

சதீஷ்குமார் போனை அணைக்கக் கை நீட்டினான். அப்போது அத்தாயி அடிவயிற்றிலிருந்து கூவினாள்.

"தம்பீ... கிளி வருது..."

சின்னுசாமி எழுந்துவிட்டார். போனைப் பார்க்கவே இல்லை. எதிர்மலைக்கு முகத்தைத் திருப்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

"இதா ஓட்டறனுங்க்கா..."

போனில் அத்தாயி அழுவது கேட்டது. அவர் மெல்ல உட்கார்ந்து, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி முகம் கோணியது.

"ஏனுங்க்கா, இத்தன நாளா ஒரு குரல்கூடக் குடுக்கலியே?"

கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியில் இருந்த போனை எடுத்து, அவர் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.