பெட்டிக்குள் தானாக நின்ற அறுபது

என் மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படம் வரைகிறாள், தஞ்சாவூரில் இருக்கிற ஒரு இன்ஜினியருக்காக. வீட்டுப் படம், ரோட்டுப் படம், எது வந்தாலும் வரைவாள். அந்தக் கோடையில் வந்தது வாய்க்கால் படம். திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு பாசன வாய்க்கால், அதிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பிரிகிற மதகுகள் எழுபத்திரண்டு. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குள் பழைய மதகுகளை இடித்துவிட்டுக் கட்ட வேண்டும் என்று அவசரம். படத்தில் என்ன அகலம் போட்டிருக்கிறதோ, அந்த அகலத்துக்குத்தான் கட்டுவார்கள்.

அதில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. அளவெடுக்கிறவர் நோட்டில் எழுதிக் கொடுத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன், அவள் அடிப்பாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எண் தெரியும், தமிழ் தெரியும். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

முதலில் ஒவ்வொரு மதகுக்கும் எல்லாவற்றையும் தனித்தனியாக அடித்தாள். ஒன்பதாவது மதகில் அலுத்துப்போய் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்னப் பெட்டி செய்தாள். அதில் "மதகு எண்", "கண் அகலம்", "பாசனப் பரப்பு" என்ற வார்த்தைகள் எப்போதும் இருக்கும். எண்களுக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். கண் என்றால் மதகில் தண்ணீர் போகிற வாய்.

"வார்த்தையெல்லாம் அச்சடிச்ச மாதிரி அத்தை. எங்க கொண்டுபோய் வச்சாலும் மாறாது. எண்ணை மட்டும் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேக்கும்."

"ரேஷன் கடை ஃபாரம் மாதிரியா?"

"அதேதான். ஆனா அந்த ஃபாரம் பேசாம கெடக்கும். இது கேட்டுக்கிட்டே இருக்கும்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மதகு எண் என்ன, அகலம் என்ன, பரப்பு என்ன என்று ஒவ்வொன்றாக வரும். "செ.மீ." என்ற எழுத்தையும் அவள் மாறாததாகவே வைத்திருந்தாள். அறுபது வந்தபோது சரியாக இருந்தது. நூற்றிருபது வந்தபோது கடைசி சைபர் "செ" மேல் ஏறிக்கொண்டது. திரும்பப் பெட்டியைப் பிரித்து, மூன்று எண் கொள்கிற மாதிரி இடம் விட்டாள். அதற்குப் பிறகு அறுபதுக்குப் பக்கத்தில் பல் விழுந்த மாதிரி ஒரு இடைவெளி. நான் அதைச் சொல்லவில்லை.

மதகுகளில் பாதிக்கு மேல் அறுபது செ.மீ. தான். அதனால் அறுபதை முன்கூட்டியே பெட்டிக்குள் வைத்துவிட்டாள். வேறு எண் அடித்தால் அது வரும். எதுவும் அடிக்காமல் என்டர் தட்டினால் அறுபது விழும்.

அளவெடுக்கிறவர் ஐம்பது வயதுக்காரர். தினக்கூலிக்கு வருகிறவர். நோட்டைக் கொடுக்க வரும்போது டீ வேண்டாம் என்பார், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிப்பார்.

"பெரியம்மா, என் கையெழுத்து புரியுதுங்களா? என் வீட்டுக்காரிக்கே புரியாது."

"அதனாலதாண்ணே தப்பிச்சீங்க" என்றாள் மருமகள்.

கடைசி நோட்டு கோடை மழையில் நனைந்து வந்தது. கடைமடை மதகுகள், வாய்க்கால் முடிகிற இடத்தில் இருப்பவை. அன்று காலையிலேயே இரண்டு இடத்தில் எனக்குப் படிக்க வரவில்லை. இரண்டாவது தடவை மருமகள் திரும்பிப் பார்க்காமலே, "எழுத்துக்கூட்டிப் படிச்சா பொங்கல் வந்துரும் அத்தை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த பக்கத்தில் மூன்று வரியில் அகலம் அழிந்து மை பரவியிருந்தது. அகலம் என்ன என்று கேட்டாள். "அறுபதுதான்" என்றேன். அவள் தட்டினாள். அடுத்ததற்கும் சொன்னேன், அதற்கடுத்ததற்கும். மூன்று தட்டு. படம் அன்று சாயங்காலமே போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து இன்ஜினியர் போன் செய்தார். மருமகள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"கடைமடைக்காரங்க படத்தைப் பாத்துட்டு வந்து சத்தம் போட்டுட்டுப் போறாங்கம்மா. அங்க மூணு மதகு பெருசாம், படத்துல வரிசையா அறுபது நிக்குது. அளவெடுக்குற ஆளு அங்க போகவே இல்ல. டீக்கடையில உக்காந்துகிட்டு நோட்டை நிரப்பியிருக்கான். இனிமே வரவேணாம்னு சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு மருமகள் நோட்டைத் தேடி எடுத்தாள். அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இங்க ஒண்ணுமே தெரியலையே. நீங்க அறுபதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"தெரிஞ்சு சொன்னீங்களா?"

நான் கீரையைக் கழுவப் போனேன். கழுவினேன், அரிந்தேன், அடுப்பில் ஏற்றினேன். உப்பு போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, ருசி பார்த்தேன், போடவில்லை. போட்டுவிட்டுத் திரும்பி வந்து, "தெரியல. சும்மாதான் சொன்னேன்" என்றேன்.

அவள் கத்தவில்லை. நோட்டை மூடி வைத்தாள்.

"சரி, நான் தப்பா அடிச்சிட்டேன்னு சொல்லிடுறேன்."

"உன் வேலை போயிடாதா?"

"போனாப் போகுது. மாமியார் வாசிச்சாங்கன்னு சொல்லவா முடியும்?"

"சொல்லு. இல்ல, போன் போட்டுக் குடு. நானே சொல்றேன்."

முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் நான் போனில் பேசினதில்லை. சொந்தக்காரர்களிடமே நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுவேன். அவள் போட்டுக் கொடுத்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"சார், நான் அவ மாமியார் பேசுறேங்க. அந்த மூணு மதகு அவரு அளந்து எழுதித்தாங்க குடுத்தாரு. மழை பட்டு அழிஞ்சிருந்துது. படிக்க வரலன்னு சொல்ல வெக்கப்பட்டுகிட்டு நான் அறுபதுன்னுட்டேன்."

"நீங்களா படிச்சீங்க? என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"அஞ்சாவதுங்க."

 "நோட்டை அனுப்புங்க, பாக்குறேன்" என்றார்.

"அவர வேலைக்கு வரச் சொல்லிடுங்க சார். நோட்டு பொறவு வரட்டும்."

"ம். போனை உங்க மருமககிட்ட குடுங்க."

அவளிடம் பத்து நிமிஷம் பேசினார். அவள் "சரி சார், சரி சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை போகவில்லை. இனிமேல் ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை சரிபார்த்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு.

மூன்றாம் நாள் அளவெடுக்கிறவரும் இன்ஜினியரும் சேர்ந்து போய்த் திரும்ப அளந்தார்கள். இரண்டு மதகு தொண்ணூறு, ஒன்று எழுபத்தைந்து. நான் பெரிதாகச் சொல்லியிருந்தாலும் தப்பாகத்தான் போயிருக்கும். பழைய நோட்டை வாங்கிப்போக அளவெடுக்கிறவர் வந்தார். "என்னாலதாங்க" என்றேன். "சார் சொன்னாரு. காட்டாமணக்குப் புதருக்குள்ள பூந்து அளந்தது பெரியம்மா, டீக்கடைன்னுட்டாரு. அதான் மனசு ஆறல" என்றார். தண்ணீர் குடித்தார், போய்விட்டார்.

மருமகள் பெட்டிக்குள் இருந்த அறுபதை எடுத்துவிட்டாள். இப்போது எண் சொல்லாமல் தட்டினால் அந்த இடம் காலியாகவே நிற்கும், வார்த்தை மட்டும் இருக்கும். அடுத்த வாய்க்கால் வந்தபோது நான்தான் வாசித்தேன். எனக்குப் படிக்க வராத நான்கு இடம் காலியாக நின்றது. அளவெடுக்கிறவருக்குப் போன் போட்டுக் கேட்டோம். மூன்றைச் சொன்னார். ஒன்று அவருக்கே நினைவில்லை, மறுநாள் போய் அளந்துவிட்டுச் சொன்னார்.