ஒரு மருந்து, இரண்டு போத்தல்

தம்பியின் வாயைத் துடைத்தால் தன் வாயையும் துடைத்துக்கொள்வாள் நாகலெட்சுமி. விடியற்காலையில் ரொட்டியைத் தேநீரில் நனைத்து ஊட்டும்போது, அவன் வாய் திறக்கும் முன்பே அவள் வாய் திறந்துவிடும். அழகனுக்கு வயது இருபத்திரண்டு. பேச்சு வராது, வலிப்பு வரும். அக்காளை விட்டால் நாதியில்லை.

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் முன் அவனைப் பிள்ளைக்காம்பராவில் விடுவாள். கைக்குழந்தைகளின் தொட்டில்களுக்கு நடுவே மீசை முளைத்த ஒருவன் உட்கார்ந்திருப்பதைத் தோட்டத்துத் துரையும் பார்த்தும் பாராமல் போகிறார். ஆயா ராக்காயி அவனுக்கும் சேர்த்தே கஞ்சி காய்ச்சுகிறாள். தங்கமான மனுஷி. நாகலெட்சுமிக்கு அதுதான் தொல்லை.

“எங்கிட்ட ரெண்டு வாய்தான் திங்கிறான். ராக்காயி அக்காகிட்ட கோப்பை நெறயக் குடிக்கிறான். நான் அவனுக்கு யாருன்னே வெளங்கலைங்க வாத்தியாரய்யா” என்றாள் ஒருநாள். எனக்கும் விளங்கவில்லை.

போன வாரம் வலிப்பு மருந்தில் பாதியை வேறொரு போத்தலில் ஊற்றி ஆயாவிடம் கொடுத்தாள். வேளைக்கு இவ்வளவு என்று அளவு குறித்து ஒட்டிய காகிதம் பழைய போத்தலோடு இவள் மடியிலேயே தங்கிவிட்டது. ஆயா கண்ணளவில் கொடுத்தாள். மத்தியானம் பால் கொடுக்கப் போன தாய்மாரோடு நழுவி வந்த இவள், கொடுத்தாயிற்றா என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தானும் கொடுத்தாள். அழகன் ஒன்றரை நாள் கண் திறக்கவில்லை. பாவம், இரண்டு பேரும் அழுதார்கள்.

தோட்டத்து மருந்துக்காரர் தம்பிராசா யாழ்ப்பாணத்துக்காரர். மிச்ச மருந்தை ஒரே போத்தலில் சேர்த்து இவளிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இனி மூண்டு வேளையும் ஒராள்தான் குடுக்க வேணும். ஆர் எண்டு நாளைக்குள்ள முடிவு பண்ணு.”

இவளே கொடுப்பதென்றால் தினமும் மத்தியானம் மலையிலிருந்து இறங்க வேண்டும். கங்காணி விடமாட்டார், வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும். ராக்காயி கொடுப்பதென்றால் இராத்திரி மருந்துக்காக அழகன் அவளிடமே தங்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி என்னைக் கேட்டாள். கேட்டுக்கேட்டு எனக்கும் தலை சுற்றியதுதான் மிச்சம்.

மறுநாள் காலை பிள்ளைக்காம்பரா வாசலில் அக்காளும் தம்பியும் ஆயாவும் நின்றார்கள். ராக்காயி கையை நீட்டினாள்.

“குடு புள்ள. நான் பாத்துக்கிறேன்.”

நாகலெட்சுமி போத்தலை நீட்டினாள். ராக்காயி பற்றிக்கொண்டாள். பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்தார்கள். நாகலெட்சுமி போத்தலை விடவில்லை.