நீக்கப்பட்ட பதிவு

என்னைப் பேராசிரியர் ஆக்கியது எங்கள் தெரு இஸ்திரிக்கடை அக்காவின் குரல். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

ஆராய்ச்சிப் பட்டத்துக்காக, உழைக்கும் பெண்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவுசெய்து இணையக் காப்பகத்தில் சேர்த்துக்கொண்டிருந்தேன். அக்கா துணி தேய்த்தபடியே இரண்டு மணி நேரம் பேசினார். பேச்சுவாக்கில் முதல் கல்யாணமும் வந்துவிட்டது. அடி தாங்காமல் ஓடிவந்த கதை. இப்போதைய கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"இதையெல்லாம் யாரு பாப்பா கேக்கப் போறா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். படிவத்தில் 'அனைவரும் கேட்கலாம்' என்ற கட்டத்தில் நானே டிக் போட்டு, கையெழுத்து மட்டும் வாங்கினேன். படித்துக் காட்டவில்லை. கடையில் கூட்டம், நேரமில்லை என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். அந்தப் பதிவை வைத்துக் கட்டுரை, வேலை, பதவி உயர்வு என்று மளமளவென ஏறியும் விட்டேன்.

போன மாதம் அக்கா என் வீட்டுக்கே வந்தார்.

"பொண்ணு எந்நேரமும் போனும் கையுமா இருக்கா. அவ கண்ணுல படறதுக்குள்ள அத எடுத்துடு பாப்பா."

"இவ்ளோதானேக்கா? இப்பவே எடுத்துடறேன்."

அவர் எதிரிலேயே நீக்கினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட தோரணை வேறு!

எங்கள் காப்பகத்தில் எதை நீக்கினாலும் அதனிடத்தில் ஓர் அறிவிப்புப் பக்கம் நிற்கும். தலைப்பு, பேசியவர் பெயர், நீக்கிய காரணம் எல்லாம் அதில் இருக்கும். சுவடில்லாமல் எதுவும் மறையக் கூடாது என்பது விதி. அதை எழுதியவளே நான்தான், அதற்கு விருதும் வாங்கியிருக்கிறேன். அன்று அது நினைவுக்கே வரவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்து, சும்மா அம்மா பெயரைத் தேடிய மகளுக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. 'முதல் கணவரை விட்டு வந்த கதை. பேசியவர் கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது.'

விஷயம் தெரிந்து கடைக்கு ஓடினேன். அக்கா தலை நிமிரவில்லை.

"அடி வாங்குனத கேட்டிருந்தா எனக்காக அழுதிருப்பா. இப்போ, அம்மா எங்கிட்ட மறைச்சிட்டான்னு பேச்சையே நிறுத்திட்டா."

தேய்க்கக் கொடுத்திருந்த என் புடவையை மடித்து முடித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாங்க மேடம்."

இருபது வருடமாக நான் அவருக்குப் பாப்பா.