பேசின் பிரிட்ஜுக்கு அந்தாண்ட

இரண்டு வாரம் முன்பு, எங்கள் கும்மிடிப்பூண்டி நகர் நலச் சங்க ஹாலில் ஒரு படம் போட்டோம். கதைப் படம் இல்லை... பழைய மெட்ராஸ். யாரோ எப்போதோ எடுத்துவைத்த கறுப்பு வெள்ளைக் காட்சிகள், நெட்டில் கிடைத்தவை. சத்தம் கிடையாது. அதனால் என்ன? மைக்கைப் பிடித்துப் பேசத்தான் எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறாரே!

தேவராஜ் அண்ணன். முப்பது வருஷம் தினமும் ட்ரெயின் பிடித்து மெட்ராஸ் ஃபேக்டரிக்குப் போய் வந்தவர். இன்று மெட்ராஸ்காரர்களே கம்பெனி பஸ்ஸில் இங்கே வேலைக்கு வருகிறார்கள். அப்போது நிலைமை வேறு. ‘மெட்ராஸ் தேவராஜ்’ என்றால் தெருவில் தனி மரியாதை. அவர் மனைவி ரோஸி அக்கா பட்டுப் புடவை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

லைட்டை அணைத்தோம். மவுண்ட் ரோட்டில் மாடி பஸ் ஆடி ஆடி வந்தது. அப்பா என்னை அதில் மாடி முன் சீட்டில் உட்காரவைத்தது ஞாபகம் வந்தது. அண்ணன் மைக்கைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மாடி பஸ் பத்திச் சொல்லுங்க...”

“அது... மேல ஒரு மாடி இருக்கும்பா.”

அடுத்து மெரினா. குதிரை, பலூன், சுண்டல் தூக்கு. “இங்க சாயங்காலம் எப்படிண்ணே இருக்கும்?”

அண்ணன் மைக்கைக் கீழே வைத்தார்.

“நான் போனதில்லப்பா. சென்ட்ரலுக்கு முன் ஸ்டேஷன் பேசின் பிரிட்ஜு. அங்கயே எறங்கிடுவேன். எறங்குனா ஃபேக்டரி. வேல முடிஞ்சா திரும்ப ட்ரெயினு, ஊடு. அதுக்கு அந்தாண்ட மெட்ராஸ நான் பார்த்ததே இல்ல.”

ஹாலே சிரித்தது. ரோஸி அக்கா மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

“கல்யாணமான புதுசுல பீச்சுக்குக் கூட்டிக்கினு போன்னு எத்தினி வாட்டி கேட்டேன்! ‘நான் தெனம் பார்த்துக்கினுதான கீறேன், அங்க இன்னா கீது’ன்னு சொன்னியேய்யா!”

“கூட்டிக்கினு போயி, வழி தெரியாம நடுரோட்ல முழிச்சேன்னு வை... மெட்ராஸ்ல வேல செய்றவன்னு நம்பிக் கட்டிக்கினவ நீ. உங்கிட்ட மானம் போயிடுமேன்னு பேஜாரா இருந்துச்சு.”

சிரிப்பு நின்றுவிட்டது. இதற்காக ஒரு மனுஷன் இத்தனை காலம் மெரினா பக்கமே போகாமல் இருப்பானா? இருப்பான். மானம் என்று வந்துவிட்டால் ஆம்பளைகள் நாங்கள் எதையும் செய்வோம்.

நான் படத்தை நிறுத்தினேன். “நீங்க பார்த்ததைச் சொல்லுங்கண்ணே” என்றேன்.

சொன்னார். பொன்னேரியில் ஏறும் பூக்காரப் பெண்கள். நாலு பேர் முழங்கால் மேல் துண்டை விரித்து ஆடும் சீட்டாட்டம். சிக்னலுக்கு ட்ரெயின் நின்றால், ஃபேக்டரி சங்கு ஊதுவதற்குள் கேட்டைப் பிடிக்க, அங்கேயே குதித்துத் தண்டவாளத்தோடு ஓடும் கூட்டம்... இதையெல்லாம் எந்தக் கேமராக்காரன் எடுத்தான்? எங்கள் ஹாலில் பாதிப் பேரை வளர்த்து ஆளாக்கியது அந்த மெட்ராஸ்தான்.

போன ஞாயிறு இருவரும் பீச்சுக்குப் போனார்கள். மறுநாள் காலை, பால் பூத்தில் பார்த்த ரோஸி அக்காவிடம், “எப்படிக்கா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“வழியெல்லாம் நான்தான் கேட்டேன்பா. இருட்டிச்சே, ட்ரெயினுக்கு நேரமாச்சு, எழுந்திருன்னேன்... ‘ஒரு ட்ரெயினு போனா போவட்டும், குந்து’ன்னுட்டாரு.”