அவர் வாசிக்காத மனு

லம்பா லைன் பகுதியில் அவர் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அவர் இலக்கிய விமர்சகர். சாதியைப் பற்றி அவர் எழுதும் கட்டுரைகளை நான்தான் கணினியில் அடித்துக் கொடுப்பேன். அதில் ஒன்றை அடித்தபோதுதான், வேலைக்கு வரும் பெண்ணுக்கென்று எங்கள் வீட்டில் தனி டம்ளர் இருந்தது எனக்கு உறைத்தது. அன்றே அதை எடுத்தெறிந்தேன்.

என் அலுவலகத் தோழி சாதி மாறிக் கல்யாணம் செய்ய முடிவெடுத்தாள். தீவுக்கு வந்து குடியேறிய எங்கள் ஊர்க்காரர்களின் சங்கம், கலப்புக் கல்யாணத்துக்கு இடமில்லை என்பது விதி என்று சொல்லித் தன் மண்டபத்தைத் தர மறுத்தது.

"இத விடக் கூடாதும்மா. மனு எழுதுங்க. பொதுக்குழுவுல நானே வாசிக்கிறேன்" என்றார் அவர்.

எழுதினேன், அவர் திருத்தினார். சாத்தம் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை பாம்பூஃப்ளாட் போகும் படகில் தினமும் கையெழுத்து வாங்கினேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடை வைத்திருந்த பாய் ஒருவர், "நான் உங்க சங்கத்துல மெம்பர் இல்லையே, செல்லுமா?" என்று கேட்டுக்கொண்டே போட்டார்.

பொதுக்குழுவில் அவர் ஒற்றுமையைப் பற்றி மட்டும் பேசினார். பிறகு தலைவர் எழுந்து, வரும் நகரசபைத் தேர்தலில் சங்கத்தின் வேட்பாளர் அவர்தான் என்று அறிவித்தார். ஒரே கைதட்டல்.

வாசலில் மறித்துக் கேட்டேன். "சார், மனு?"

"தோடா டைம் குடுங்கம்மா. ஜெயிச்சு உள்ள போய் மாத்தலாம்."

"கல்யாணம் இந்த மாசம் சார்."

"ரெஜிஸ்டர் ஆபீஸ் இருக்குல்ல?"

தோழி என் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

"சரி, மனுவைக் குடுங்க" என்றேன்.

"அத செக்ரட்டரிகிட்ட குடுத்துட்டேனே."

கையெழுத்துகளோடு கொடுத்திருக்கிறார். மறுநாளே கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் சங்கத்திலிருந்து போன் போயிற்று.

கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். அவர் வரவில்லை. தேர்தலில் ஜெயித்தார், மண்டபத்தின் விதி இன்றுவரை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் படகில், மனுவில் கையெழுத்துப் போட்ட மரம் அறுக்கும் மில் தொழிலாளி ஒருவர் என்னருகே வந்தார். சங்கத்திலிருந்து அவர் அண்ணனைக் கூப்பிட்டு மிரட்டியிருந்தார்கள்.

"மேடம், உங்க மேல பரோசா வச்சுத்தானே போட்டேன்?"

"நானும் அவர நம்பித்தாங்க குடுத்தேன்."

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது நீங்கதான்."

படகு கரை சேரும்வரை அவர் நகரவில்லை.